மீன்களின் பெயரால் ஒரு தீவு

சீனத்தின் ஹாங்சோ நகருக்கு மேற்கே, மூன்று பக்கம் மலை சூழ, நான்காம் பக்கம் நகரைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது மேற்கு ஏரி. சீன மொழியில் சீஹூ. சீ என்றால் மேற்கு, ஹூ என்றால் ஏரி. பெயரில் இதற்கு மேல் அலங்காரம் ஏதும் இல்லை. பரப்பும் ஏறத்தாழ ஆறரைச் சதுர கிலோமீட்டர்தான். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகக் கவிஞர்கள் பாடிய நீர்நிலை இத்துணைச் சிறியதா என்று முதலில் வியப்பே தோன்றும். ஆனால் சீன இலக்கியத்தில் எந்தப் பேராற்றுக்கும் குறையாத இடம் இந்தச் சிற்றேரிக்கு உண்டு. அதன் நடுவே உள்ள ஒரு தீவுக்கு இலையுதிர் காலத்தில் ஒரு நாள் நிதானமாகப் போய்வருவது பற்றியே இக்கட்டுரை. போகும் வழியில் கொஞ்சம் வரலாறும் பேசுவோம்.

இலையுதிர் காலம் என்றவுடன் அக்டோபர், நவம்பர் மாதங்களை நாம் நினைக்கிறோம். சீனரின் மரபுக் கணக்கு வேறு. அவர்களுடைய சந்திர நாட்காட்டியில் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் மாதங்கள் இலையுதிர் காலத்துக்கு உரியவை. ஆகஸ்டு இரண்டாம் வாரத்தின் புழுக்கத்திலேயே அவர்களுக்கு அப்பருவம் பிறந்துவிடுகிறது. ஏழாம் மாதப் பௌர்ணமி மூத்தோர் ஆவிகளுக்குரிய விழா. எட்டாம் மாதப் பௌர்ணமி நிலவுக்கே உரிய விழா. இந்த இரண்டு பௌர்ணமிகளும் நம் கட்டுரைக்கு வேண்டியவை. ஹாங்சோவில் எட்டாம் மாதத்தை ஒட்டிக் குவெய்ஹுவா என்னும் பொன்னிறச் சிறு மலர் மலரும். கண்ணுக்குத் தெரியுமுன்னே மணத்தால் தன்னைக் காட்டிக்கொள்ளும் மலர் அது. நகரத்தின் மலராக அதனையே தேர்ந்துகொண்டுள்ளனர். தாமரை இலைகள் விளிம்பு கருகி மடியத் தொடங்கும். வானம் தெளிந்து மலைகளின் விளிம்புக் கோடு கூர்மையாகும். ஏரியைக் காண ஏற்ற காலம் இதுவே என்பர் சிலர். இல்லை, பனி பெய்யும்போதுதான் என்பர் வேறு சிலர். அந்த வழக்கு அங்கே இன்னும் தீரவில்லை.

கரையிலிருந்து படகேறிச் சென்றால் ஏரியின் தென்பகுதியில் வருவது சியாவ்யிங்ஜோ. பொருள், சிறிய யிங்ஜோ. கிழக்குக் கடலில் இறப்பில்லாதோர் வாழும் மூன்று தீவுகள் உண்டு என்பது சீனத் தொன்மம்: பெங்லாய், ஃபாங்ஜாங், யிங்ஜோ. சின் பேரரசர் அவற்றைத் தேடிக் கப்பல்கள் அனுப்பினார் என்பது பழைய வரலாற்று நூலில் உள்ள செய்தி. மேற்கு ஏரியிலும் மூன்று தீவுகள் இருப்பதால் அந்த மூன்றுமே இந்த மூன்று எனச் சொல்லிக்கொள்வது உள்ளூர் வழக்கு. வேடிக்கை என்னவெனில், அமரர் தீவுகளாக மதிக்கப்படும் இம்மூன்றுமே ஏரியில் தூர் வாரிய சேற்றைக் கொண்டு மனிதர் மேடாக்கியவை.

சியாவ்யிங்ஜோவின் பரப்பு ஏறத்தாழ 7 ஹெக்டேர். அதில் பாதிக்கும் மேல் நீர். ஏரிக்குள் தீவு, தீவுக்குள் மீண்டும் ஏரி, அந்த உள்ளேரிக்குள் மீண்டும் மேடுகள். மேலிருந்து நோக்கினால், வயல் என்பதைக் குறிக்கும் சீன எழுத்தைப் போல இருக்கும். ஒரு சதுரத்தினுள் ஒரு கூட்டல் குறி வரைந்தது போன்ற எழுத்து அது. கிழக்கு மேற்காக மண்கரையும் வடக்கு தெற்காகப் பாலமும் தீவை நான்காகப் பிரிக்கின்றன. அந்தப் பாலம் நேராகச் செல்வதில்லை. 1727-இல் அமைக்கப்பட்ட அது ஒன்பது இடங்களில் மடங்கி மடங்கிச் செல்கிறது. அவசரமாக நடப்பவரைத் தடுப்பதற்கே இவ்வாறு கட்டினார்களோ என்று எண்ணத் தோன்றும். ஒவ்வொரு மடக்கிலும் முன்பிருந்த காட்சி மறைந்து வேறொன்று வருகிறது. பாலத்தின் கீழே செந்நிற மீன்கள் நம்மோடு திரும்புகின்றன.

இந்த மீன்களை மறவாமல் வைத்துக்கொள்வோம். தீவின் கதை அவற்றின் கதையே.

மேற்கு ஏரி பழங்காலத்தில் கடலோடு தொடர்புடைய ஒரு கழி. சியன்தாங் ஆறு கொண்டுவந்த வண்டல் வாயை அடைத்துவிட, கழி ஏரியாயிற்று. அவ்வாறு பிறந்த ஏரி, தொடர்ந்து வண்டல் படிந்து வயலாகி மறைந்துபோவதே இயற்கை. மனிதர் விடாமல் தூர் வாரியதனால் மட்டுமே அது ஏரியாக நிற்கிறது. தாங் காலத்தில் ஹாங்சோவின் நிலத்தடி நீர் உப்புக் கரித்தது. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆளுநராக இருந்த லி பி, ஏரி நீரை நிலத்தடிக் குழாய் வழியே நகருக்குள் கொணர்ந்து ஆறு கிணறுகளில் நிரப்பினார். அன்று முதல் நகரத்தின் உயிர் ஏரியின் கையில் இருந்தது.

822-இல் ஆளுநராக வந்தவர் பை ஜூயி. சீனக் கவிஞருள் மிகவும் எளிய மொழியில் எழுதியவர் எனப் பெயர் பெற்றவர். அவர் ஏரிக்கரையை உயர்த்தி நீரைத் தேக்கினார். 824-இல் பதவி முடிந்து புறப்படும்போது, அடுத்து வருவோருக்கான குறிப்பு ஒன்றைக் கல்லில் பொறித்து நிறுத்தினார். அதில் கவிதை இல்லை, கணக்கு இருந்தது. நீர்மட்டம் ஒரு சுன் குறைந்தால் எத்தனை நிலம் பாயும், ஒரு பகலும் இரவும் மதகைத் திறந்தால் எத்தனை நிலம் பாயும் என்ற கணக்கு. வறட்சியில் நீர் கேட்டு வரும் உழவர், இடையில் உள்ள எழுத்தர்களிடம் அலையாமல் நேரே ஆளுநரிடம் மனுத் தர வேண்டும், அன்றே உத்தரவு போக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். மனு முறைப்படி மேலேறிக் கீழிறங்கி வருவதற்குள் பயிர் கருகிவிடும் என்பதை அறிந்த நிர்வாகி அவர்.

அக்குறிப்பில் மற்றொரு பகுதி நம் கவனத்துக்குரியது. உழவருக்கு நீர் விடாதிருக்க உள்ளூர் அதிகாரிகள் சொல்லிவந்த சாக்குகளை அவர் வரிசைப்படுத்துகிறார். நீர் குறைந்தால் ஏரியில் உள்ள மீன்களும் நாகங்களும் எங்கே போகும் என்பது அவற்றுள் ஒன்று. மீனின் உயிரா மனிதரின் உயிரா, எது அவசரம் என்று கேட்டு அதனைத் தள்ளிவிடுகிறார் பை ஜூயி. மேற்கு ஏரியின் நிர்வாக வரலாற்றில் மீன்கள் சாட்சிக் கூண்டில் ஏறுவதை நாம் அறிந்தவரை இங்கேதான் முதலில் காண்கிறோம். அப்போது அவை வழக்கில் தோற்றன.

(இன்று பை கரை எனப்படும் அழகிய கரைவழி அவர் கட்டியதன்று, அவருக்கு முன்பே இருந்தது. அவர் உயர்த்திய கரை காணாமற் போய்விட்டது. கவிஞர் மேல் கொண்ட அன்பினால் மக்கள் இருந்த கரைக்கு அவர் பெயரைச் சூட்டிவிட்டனர். பொறியாளர்கள் இதற்கு வருந்தலாம்.)

ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு கழித்து மீன்களுக்குக் காலம் திரும்பியது. 1020-இல், சோங் பேரரசரின் நீண்ட ஆயுளுக்காக மேற்கு ஏரி முழுவதையும் விடுவிப்புக் குளமாக அறிவிக்க வேண்டும் என்று வாங் சின்ரோ என்னும் அமைச்சர் வேண்டினார். பிடிபட்ட உயிர்களை விலைக்கு வாங்கி மீண்டும் நீரில் விடுவது பௌத்தர்க்குப் புண்ணியச் செயல். அதற்குரிய நீர்நிலையே விடுவிப்புக் குளம். ஏரியில் வலை வீசுவது தடைசெய்யப்பட்டது, கல்வெட்டும் நிறுத்தப்பட்டது. ஆயினும் தூர் வாருவார் இல்லை. நீரில் மிதக்கும் புல்வேர்கள் ஒன்றோடொன்று பின்னி மேடாகி, அம்மேடுகளில் பயிரும் ஏறத் தொடங்கியது.

இந்நிலையில்தான் 1089-இல் சூ ஷி ஹாங்சோவின் ஆளுநராகிறார். சூ தோங்போ என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். இவ்வூருக்கு அவர் புதியவர் அல்லர். 1071 முதல் 1074 வரை துணை ஆளுநராக இங்கே பணியாற்றியவர். அந்நாளில் ஏரியில் பத்தில் இரண்டு மூன்று பங்கே புல்மேடாக இருந்தது. இப்போது வந்து பார்த்தால் பாதி மூடிவிட்டது. இன்னும் இருபது ஆண்டில் ஏரி என்பதே இராது என்று ஊரார் கூறினர். 1090-இல் அவர் அரசவைக்கு எழுதிய விண்ணப்பம் இன்றும் கிடைக்கிறது. ஏரி அழியக் கூடாது என்பதற்கு ஐந்து காரணங்கள் தருகிறார். அக்காரணங்களின் வரிசையைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

முதற் காரணம், மீன்கள்! புத்தர் பிறந்தநாளான நான்காம் மாதம் எட்டாம் நாள், பல்லாயிரம் மக்கள் ஏரியில் கூடிக் கணக்கற்ற உயிர்களை விடுவித்து, வடமேற்கு நோக்கி வணங்கிப் பேரரசரின் ஆயுளுக்காக வேண்டுகிறார்கள். தலைநகர் கைஃபெங் இருப்பது அத்திசையில். ஏரி வற்றினால் அம்மீன்கள் வண்டித் தடத்தில் தேங்கிய நீரில் தவிக்கும் மீன்களாகும். குடிமக்களாகிய நாங்கள் அதை எப்படிப் பொறுப்போம் என்கிறார். அடுத்துத்தான் ஆறு கிணறுகளும் குடிநீரும் வருகின்றன. பிறகு பாசனம். பிறகு கால்வாய்: ஏரி நீர் இல்லையேல் நகரக் கால்வாய்கள் ஆற்றின் ஓத நீரை நம்ப வேண்டும், அது சேற்றைக் கொணர்ந்து நிரப்பும், நகரின் நடுவே ஆண்டுதோறும் தோண்ட நேரும். இறுதியாக மது. நல்ல நீரால் வடிக்கும் ஹாங்சோ மதுவின் வரி பேரரசிலேயே மிகுதி, ஆண்டுக்கு இரண்டு லட்சம் காசுச் சரங்களுக்கும் மேல். ஏரி போனால் அவ்வருவாயும் குறையும்.

மீனில் தொடங்கி மதுவரியில் முடிகிறது விண்ணப்பம். முதலில் பேரரசரின் ஆயுள், கடைசியில் பேரரசரின் கருவூலம். மக்களின் குடிநீரும் வயலும் நடுவில். படிப்பவர் யார் என்பதை மறவாமல் எழுதப்பட்ட மனு என்பதில் ஐயமில்லை. பை ஜூயி தள்ளிய அதே மீன்களை சூ ஷி முன்வரிசையில் நிறுத்தியதன் நோக்கம் வேறன்று. இருவருக்கும் வேண்டியது உழவனுக்கும் ஊருக்கும் நீர்தான். ஒருவர் உள்ளூர் அதிகாரியிடம் வாதாடினார், மற்றவர் அரசவையிடம் வாதாடினார் என்பதே வேறுபாடு. கவிஞராக சூ ஷியைப் போற்றுவோர், அவருடைய உரைநடையின் உச்சங்களுள் ஒன்றாக இவ்விண்ணப்பத்தையும் வைக்கலாம் என்பது நம் துணிபு.

பணத்துக்கு அவர் கண்ட வழியும் சுவையானது. வரிவிலக்கும் கட்டாய உழைப்பிலிருந்து விலக்கும் தரும் துறவுச் சான்றிதழ்களை அக்கால அரசு விலைக்கு விற்றது. மொத்தம் நூறு சான்றிதழ்கள் தம் கைக்குக் கிடைக்குமாறு கேட்டார் சூ ஷி. வேலை, இரண்டு லட்சம் ஆள்நாள் எனக் கணக்கிடப்பட்டது. பஞ்ச காலமாகையால் கூலி பெற்றவர்க்கு அது சோறாகவும் ஆயிற்று. வாரிய புல்லையும் சேற்றையும் எங்கே கொட்டுவது? ஏரியின் குறுக்கே தெற்கிலிருந்து வடக்காகக் கொட்டி, 2.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கரையாக்கினார். நீர் ஓட ஆறு பாலங்கள் வைத்தார். அதுவே இன்று வில்லோ மரங்கள் வரிசையாக நிற்கும் சூ கரை. குப்பையை அகற்றும் செலவைக் குறைக்கச் செய்த உத்தி, பின்னாளில் ஓவியர்களின் பாடுபொருளாயிற்று.

வாரிய ஏரி மீண்டும் மூடாதிருக்க ஓர் ஏற்பாடு செய்தார். முட்கொம்புடைய நீர்க்கொட்டை பயிரிடுவோர் ஆண்டுதோறும் வசந்தத்தில் ஒரு புல் விடாமல் களைந்த பின்பே விதைப்பர். எனவே கரையோரப் பகுதியை அவர்களுக்குக் குத்தகைக்கு விட்டு, அக்குத்தகைப் பணத்தை ஏரியைப் பேணவே செலவிடச் செய்தார். ஆனால் பயிர் நடு ஏரிக்குள் புகலாகாது. எல்லை காட்ட, நீரில் சிறு கல் தூபிகள் நிறுத்தப்பட்டன. அவற்றுக்கு உட்புறம் எவரும் பயிரிடக் கூடாது.

சியாவ்யிங்ஜோவின் தெற்கே நீரில் நிற்கும் மூன்று கல் தூபிகளின் மூதாதையர் அவையே. சீனத்தின் ஒரு யுவான் பணத்தாளின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும் அந்த மூன்று தூபிகள், நிலவின் அழகைக் கூட்டுவதற்காகப் பிறந்தவை அல்ல. ஆக்கிரமிப்பைத் தடுக்க நட்ட எல்லைக் கற்கள்.

எல்லைக் கல்லுக்கு எவ்வளவு காலம் மதிப்பு இருந்தது என்பது வேறு கதை. 1138 முதல் 1276 வரை ஹாங்சோ தெற்குச் சோங் அரசின் தலைநகராக இருந்தபோது ஏரி பேணப்பட்டது; அதன் பத்துக் காட்சிகளுக்கு நாற்சொற் பெயர்களும் அக்காலத்திலேயே வழங்கலாயின. மூன்று மடுவில் பதியும் நிலவு என்பதும், அமைதி ஏரியில் இலையுதிர்கால நிலவு என்பதும் அவற்றுள் உள்ளவை. மங்கோலியர் ஆட்சியிலும் மிங் ஆட்சியின் தொடக்கத்திலும் ஏரி கவனிப்பாரற்றுக் கிடந்தது. செல்வர்கள் கரையை வளைத்து வயலாக்கினர். சூ கரைக்கு மேற்கே நீரே காணாமற் போயிற்று. 1508-இல் யாங் மெங்யிங் என்னும் ஆளுநர், எதிர்ப்புகளையும் மீறி, ஆக்கிரமிப்பில் இருந்த 3,481 மூ நிலத்தை அழித்து மீண்டும் ஏரியாக்கினார். சூ ஷியின் தூபிகளோ அதற்குள் அழிந்துபோயிருந்தன.

1607-இல் சியன்தாங் வட்ட அதிகாரி நியே சின்தாங், தூர் வாரிய சேற்றைக் கொண்டு ஏரியின் நடுவே ஒரு வளையக் கரை எழுப்பினார். கரைக்கு வெளியே ஏரி, கரைக்குள்ளே ஒரு குளம். அக்குளம் விடுவிப்புக் குளம். நாம் நிற்கும் தீவு பிறந்தது இவ்வாறே. பின்வந்த அதிகாரி வெளிவட்டக் கரையை எழுப்பினார். அவர் பெயர் யாங் வான்லி. (மேற்கு ஏரித் தாமரையைப் பாடிய சோங் காலக் கவிஞர் யாங் வான்லியோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டா. பெயர் ஒன்று; இடையில் நானூறு ஆண்டு.) 1620-ஐ ஒட்டிப் பணி நிறைவுற்றது. சூ ஷியின் நினைவாக மூன்று கல் தூபிகளும் புதிதாக நிறுத்தப்பட்டன.

நடந்துகொண்டே இவற்றைப் பேசியதில் தீவின் நடுவுக்கு வந்துவிட்டோம். இங்கே ஒரு முக்கோண மண்டபம் உண்டு. வலை திறந்த மண்டபம் என்பது பெயர். நான்கு புறமும் வலை கட்டியிருந்த வேடனைக் கண்ட ஷாங் மன்னன் தாங், மூன்று புறத்து வலைகளை அவிழ்க்கச் செய்தான் என்னும் பழங்கதையைச் சுட்டும் பெயர். இன்னும் தெற்கே போனால், நம் இதயங்கள் ஒன்றிலொன்று பதியும் மண்டபம். நிலவு நீரில் பதிவதும் மனம் மனத்தில் பதிவதும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால் அமைந்த நயம் இது. தியான பௌத்தத்தின் வாடை உடையது. அங்கிருந்து பார்த்தால் மூன்று தூபிகளும் நேர் எதிரே தெரியும். ஒவ்வொன்றும் நீருக்கு மேல் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம். வயிறு பருத்து, உள்ளே குடைந்து, பக்கங்களில் ஐந்து வட்டத் துளைகளோடு விளங்கும்.

நடு இலையுதிர்கால விழா இரவில் அத்துளைகளை மெல்லிய தாளால் மூடி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றுவர். மூன்று தூபிக்குப் பதினைந்து துளை, பதினைந்து நிலவு. நீரில் அவற்றின் நிழல் பதினைந்து. வானத்தில் ஒன்று, அதன் நிழல் ஒன்று. ஆக முப்பத்திரண்டு. முப்பத்து மூன்றாவது நிலவு காண்பவர் மனத்தில் என்பது உள்ளூர்க் கணக்கு. பயணக் கையேடுகள் அனைத்தும் இக்கணக்கைத் தவறாமல் ஒப்பிக்கின்றன. நமக்கு, அந்த முப்பத்து மூன்றாவதைக் காட்டிலும், எல்லைக் கல்லுக்குள் விளக்கேற்றலாம் என்று முதலில் நினைத்த பெயரறியாத அந்த மனிதரே வியப்பளிக்கிறார்.

மற்ற இரு தீவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏரி நடு மண்டபத் தீவில் இரண்டே எழுத்துகள் கொண்ட கல் ஒன்று இருக்கிறது. பூச்சி, இரண்டு என்பன அவ்வெழுத்துகள். காற்று, நிலவு என்னும் இரு சீன எழுத்துகளின் வெளிக்கோட்டை நீக்கினால் எஞ்சுவன அவை. எல்லையற்ற காற்றும் நிலவும் என்பது விடுகதையின் விடை. எழுதியவர் சியன்லோங் பேரரசர் என்பர். மூன்றாவது, 1800-இல் ஆளுநரும் பேரறிஞருமான ருவான் யுவான் தூர் வாரிக் கொட்டிய மேடு. சேறு இறுகாமல் நெடுங்காலம் கிடந்த அத்தீவு, 1982-இல்தான் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. பேரரசர்களைப் பற்றியும் ஒரு சொல். காங்சி 1699-இல் வந்தபோது பத்துக் காட்சிகளுக்கும் தம் கையெழுத்தில் பெயர் எழுதித் தந்தார். அவை கல்லில் செதுக்கப்பட்டு மண்டபங்களுக்குள் நிறுத்தப்பட்டன. காட்சியை எங்கே நின்று காண வேண்டும் என்பது அன்றோடு தீர்மானமாகிவிட்டது. அது காட்சிக்கு நன்மையா என்பதில் நமக்கு ஐயமே.

இனி, இத்தீவைப் பற்றி எழுதியவர்களுள் நாம் மிகவும் நேசிக்கும் ஒருவரிடம் வருவோம். ஜாங் தாய், 1597-இல் ஷாவ்சிங்கில் செல்வக் குடியில் பிறந்தவர். நாடகம், தேநீர், விளக்கு, தோட்டம் என்று எதையும் விடாமல் இரசித்தவர். ஏரிக்கரையில் அவர் குடும்பத்துக்கு ஒரு தோட்ட இல்லம் இருந்தது. ஏழாம் மாதப் பௌர்ணமி இரவைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை, சீன உரைநடையின் மாணிக்கங்களுள் ஒன்று. நிலவு பார்க்க வந்த கூட்டத்தை அவர் ஐந்து வகையாகப் பிரிக்கிறார். விருந்தும் பாட்டுமாக வந்து நிலவைப் பாராத பெரிய மனிதர். நிலவின் கீழே அமர்ந்தும் நிலவைப் பாராத குடும்பப் பெண்டிர். நிலவையும் பார்த்து, தாம் பார்ப்பதைப் பிறரும் பார்க்க வேண்டும் என விரும்பும் புகழ்பெற்ற கணிகையரும் வேலையற்ற துறவியரும். எல்லாவற்றையும் பார்த்து எதையும் பாராத குடிகாரர். மரநிழலில் சிறு படகை ஒதுக்கி, தேநீர் அடுப்போடு, யாரும் அறியாமல் நிலவைப் பார்க்கும் சிலர். நகர வாயில் மூடுமுன் திரும்ப வேண்டுமென்று கூட்டம் முண்டியடித்து ஓடிய பின்புதான் அவரும் நண்பர்களும் படகைக் கரைக்குக் கொணர்கிறார்கள். விடியும்வரை நிலவு அவர்களுடையது. இறுதியில் தாமரைகளுக்கு நடுவே படகிலேயே உறங்கிப்போகிறார்கள்.

கட்டுரையின் குறும்பு நம்மை மயக்குவதால், அது எப்போது எழுதப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். 1644-இல் மிங் அரசு வீழ்ந்தது. 1645-இல் மஞ்சுப் படை ஹாங்சோவுக்குள் புகுந்தது. ஏரியை ஒட்டிய நகரப் பகுதி படைமுகாமாக்கப்பட்டு மதில் எழுந்தது. 1911 புரட்சிக்குப் பின்னரே அம்மதில் இடிக்கப்பட்டு ஏரியும் நகரும் மீண்டும் முகம் பார்த்துக்கொண்டன. ஜாங் தாய் வீடும் நூலகமும் இழந்து மலைக்கு ஓடியவர். பசியோடு அமர்ந்து, கழிந்துபோன இன்பங்களை ஒவ்வொன்றாக எழுதினார்.

1654-இலும் 1657-இலும் அவர் ஏரிக்குத் திரும்பி வந்தார். யோங்ஜின் வாயில் பக்கம் இருந்த நண்பர்களின் மாளிகைகளும், தம் குடும்பத் தோட்டமும் ஓட்டாஞ்சில்லுகளாகக் கிடந்தன. முறிந்த பாலத்தில் நின்று பார்த்தார். வில்லோவும் பீச்சும் ஆடலரங்கும் நூற்றில் ஒன்றுகூட எஞ்சவில்லை. நிற்க மாட்டாமல் விரைந்து அகன்றுவிட்டார். தம் கனவில் உள்ள ஏரியையாவது பழுதின்றிக் காத்துக்கொள்வோம் என்று எண்ணினார். அந்தக் கனவு ஏரியை இடம் இடமாக, மண்டபம் மண்டபமாக எழுதிய நூல்தான் மேற்கு ஏரிக் கனவுத் தேடல். முன்னுரையில் ஏரியைப் பிரிந்து இருபத்தெட்டு ஆண்டு என்கிறார். இடையில் இரு முறை வந்ததைச் சொல்லிக்கொண்டே அப்படிக் கணக்கிடுகிறார். அந்த இரண்டு வருகைகளும் அவர் கணக்கில் வருகைகளாகவே சேரவில்லை. முன்னுரையின் நாள், 1671-ஆம் ஆண்டு ஏழாம் மாதம், பௌர்ணமிக்கு அடுத்த நாள்.

இழந்த சொர்க்கத்தை எழுதுபவர் அதில் குறை காண மாட்டார் என்று நாம் எதிர்பார்ப்போம். அந்நூலில் இத்தீவைப் பற்றிய பகுதியைப் படிக்கும்போதுதான் ஜாங் தாய் யார் என்பது விளங்குகிறது. இரட்டைக் கரையையும் வளைந்த செந்நிறக் கைப்பிடிகளையும் அடர்ந்த மரங்களையும் உள்ளே உள்ள பௌத்த இல்லத்தின் தூய்மையையும் பாராட்டுகிறார். வசந்தத்தில் ஏரியெங்கும் படகுகள் மொய்த்தாலும் இங்கே வருவோர் நூற்றில் ஒருவர் இல்லை என்கிறார். உடனே குரல் மாறுகிறது. விடுவிப்புக் குளம் மீன்களுக்குச் சிறை. நீர் ஓட்டமின்றிக் கொழுத்துக் கிடக்கிறது. துடுப்பு கிழிந்து, செதில் உதிர்ந்து, தலை பெருத்து வால் மெலிந்திருக்கின்றன அம்மீன்கள். அவற்றுக்குப் பேச்சு வருமானால் ஆயிரம் துன்பம் உரைக்கும். கரையைத் திறந்து ஏரியில் நீந்த விடுவதன்றோ முறை? இதனை அங்குள்ள துறவியருக்குப் புரியவைக்க முடியவில்லையே என்று வருந்துகிறார்.

கனவிலும் அந்த மீன்களின் கிழிந்த துடுப்பை அவர் மறக்கவில்லை.

அத்தோடு ஓர் இளமை நினைவையும் சேர்க்கிறார். ஹாங்சோவின் மலைப் பக்கம் யுன்சி மடத்தில் லியன்சி என வழங்கப்பட்ட ஜூஹோங் என்னும் பெருந்துறவி இருந்தார். கொல்லாமையையும் உயிர் விடுவிப்பையும் அக்காலச் சீனம் முழுவதும் பரப்பியவர். அவர் 1615-இல் மறைந்தார்; எனவே அவரைச் சந்தித்த ஜாங் தாய்க்கு அப்போது பதினெட்டு வயதும் நிரம்பியிராது. மடத்தில் மீட்கப்பட்ட கோழி, வாத்து, பன்றி, ஆடுகள் ஒரே பட்டியில் பசியோடு நெருக்கியடித்துக் கிடந்தன. நீரில் விழுந்து செத்தவற்றுக்குக் கணக்கில்லை. இளைஞர் மீண்டும் மீண்டும் முறையிட்டார். உலக வழக்கை ஒட்டித்தான் நடக்க வேண்டியிருக்கிறது என்று துறவி கூறிவிட்டார். பிறகு முயலும் மானும் குரங்கும்கூடக் கட்டிவைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். கோழியும் பன்றியும் மனிதன் தரும் உணவை நம்பியவை; முயலும் மானும் குரங்கும் காட்டில் தம் இரையைத் தாமே தேடிக்கொள்ளுமே, அவற்றுக்கு ஏன் கைதிகளின் விலங்கு என்று கேட்டார்.

முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். உடனே கட்டுகளை எல்லாம் அவிழ்க்கச் செய்து, அவை விரும்பிய இடத்துக்குப் போக விட்டார். பார்த்தவர்கள் மிகவும் மகிழ்ந்தார்கள் என்று எழுதுகிறார் ஜாங் தாய். தீவுக் குளத்து மீன்களைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.